கைராசிக்காரியின் திங்கட்கிழமைகள்

இனி மூச்சு வாங்காமல் எதையும் கேட்க முடிகிற என் மஞ்சு அக்காவுக்கு,

தர்ஷினி நன்றாக இருக்கிறாள். முதலில் அதைத்தான் கேட்பாய். உன் மகளுக்கு முன்பற்கள் விழுந்துவிட்டன, பேச்சில் காற்று அடிக்கிறது. பள்ளிக்கூட வேனில் கன்னடமும் தெலுங்கும் கலந்து சண்டை போடக் கற்றுக்கொண்டிருக்கிறாள். அவளைப் பார்த்துக்கொள்ள அம்மா நாகரசம்பட்டியிலிருந்து வந்து மூக்கண்டப்பள்ளி வீட்டில் எங்களோடு இருக்கிறாள். அப்பா தனியாக மாந்தோப்பில். உன் மாத்திரைகள் இருந்த அலமாரித் தட்டில் இப்போது கலர் பென்சில்கள்.

உன் வீட்டுக்காரர், என் சீனு மாமா, என்னோடு முன்போலப் பேசுவதில்லை.

நான் அவரிடம் ஒன்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்டுவிட்டுத்தான் சொல்லியிருக்க வேண்டும். கேட்க வழியில்லை. அதனால் இப்போது எழுதுகிறேன்.

நீ போன பிறகு எனக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. ஓர் ஆய்வகம். அத்திப்பள்ளி தாண்டும்வரை தினமும் பஸ்ஸில் நின்றபடி போகிறேன். அங்கே நான் பார்ப்பது பாக்டீரியாவைக்கூட இல்லை. பாக்டீரியா வெளியே விடுகிற குமிழியை.

கஞ்சி கொதிக்கும்போது மேலே எழும்புமே, அதை நினைத்துக்கொள். பாக்டீரியாவின் மேல்தோல் அப்படி ஓரிடத்தில் உப்பும். உப்பியது கிள்ளிக்கொண்டு தனியே மிதந்து போகும். அதற்குள் அந்தப் பாக்டீரியாவின் சரக்கு கொஞ்சம் இருக்கும். புரதம், நஞ்சு, மரபணுவின் துணுக்கு. குமிழிக்கு உயிர் கிடையாது. தின்னாது, பெருகாது. ஆனால் நம் உடம்பின் செல் ஒன்றில் போய் ஒட்டிக்கொண்டு, கொண்டுவந்ததை உள்ளே இறக்கிவிடும். சாதாரண நுண்ணோக்கியில் அது தெரிவதில்லை.

எல்லாம் கெட்டதில்லை, அக்கா. குடலில் வாழும் சில பாக்டீரியாக்களின் குமிழிகள் உடம்பைச் சமாதானப்படுத்துகின்றன என்கிறார்கள். மூளைக்காய்ச்சலுக்கு எதிரான ஒரு தடுப்பூசியில் இந்தக் குமிழிகளையே சேர்க்கிறார்கள். எங்கள் ஆய்வகத்தில் நடப்பதும் அந்த வகை நம்பிக்கைதான். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது எல்லோரும் நல்ல குமிழிகளைப் பற்றிப் பேசுவார்கள். நான் தயிர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டு மற்றதை நினைத்துக்கொண்டிருப்பேன்.

மற்றது இது. பாக்டீரியாவுக்குத் தொல்லை கொடுத்தால் அது கூடுதலாகக் குமிழி விடும். மருந்து ஊற்றிக் கொன்றால், உடைகிற தோலிலிருந்தும் குமிழிகள் உண்டாகும். கொன்றவர்கள் வேலை முடிந்தது என்று போய்விடுவார்கள். குமிழிகள் அங்கேயே இருக்கும்.

இதை முதன்முதலில் படித்த அன்று எழுந்துபோய் ஜன்னலோரம் நின்றேன். உன் கம்பெனியின் திங்கட்கிழமைகள் ஞாபகத்துக்கு வந்தன.

உனக்குத் தெரிந்ததை உனக்கே சொல்கிறேன், இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக. இரும்பைக் கடையும்போது சூடு தணிய மெஷினுக்குள் கூலன்ட் பாயும். தண்ணீரில் எண்ணெய் கலந்த, பால் நிறத் திரவம். கீழே ஒரு தொட்டி. பம்ப் உறிஞ்சும், பீய்ச்சும், வடிந்தது மறுபடி தொட்டிக்கே வரும். மெஷின் கதவைத் திறந்தால் வெள்ளைப் புகையாக முகத்தில் அடிக்கும். ஞாயிற்றுக்கிழமை எல்லாம் நின்று கிடக்கும். மேலே எண்ணெய் ஆடை கட்டும். அதன் அடியில், காற்றில்லாத இருட்டில், பாக்டீரியா பெருகும். திங்கட்கிழமை ஷட்டரைத் தூக்கினால் அழுகிய முட்டையின் நாற்றம்.

கேனைத் திறந்து கிருமி கொல்லும் மருந்தை ஊற்றுவார்கள். வற்றிய அளவுக்குப் புதுக் கூலன்ட் சேர்ப்பார்கள். தொட்டியைக் காலி செய்து கழுவுவதில்லை. கழுவினால் மெஷின் நிற்கும், மெஷின் நின்றால் லாரி நிற்கும். மருந்து கலப்பதற்காகச் சற்றுநேரம் மெஷினை வெறுமனே ஓடவிட வேண்டும். அந்த முதல் ஸ்விட்சைப் போடுவது நீ.

ஏனென்றால் உனக்குக் கைராசி.

அந்தக் கதையை மாமா எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறார்! சர்வீஸ் ஆட்கள் வந்து பார்த்தும் ஓடாத மெஷின். நீ அப்போது வேலைக்குச் சேர்ந்த புதிது. சும்மா போய் பட்டனை அழுத்தினாய், ஓடிவிட்டது. அதே வாரம் பெரிய ஆர்டர் ஒன்றும் வந்து சேர்ந்தது. அங்கேயே டிஸ்பாட்ச்சில் இருந்த மாமா ஓனரிடம் சொன்னாராம், "எம் பொண்டாட்டி கை வெச்சா செத்த மெஷினும் ஓடும் சார்." அதிலிருந்து திங்கட்கிழமை என்றாலும், பொங்கல் லீவு முடிந்தாலும், நாள் கணக்கில் கரண்ட் போய் வந்தாலும், முதல் கை உன்னுடையது. நாற்றம் அடங்கும்வரை மற்றவர்கள் வாசலில் டீ குடித்துக்கொண்டு நிற்பார்கள். நீ மட்டும் தலையில் பூவோடு உள்ளே போவாய்.

யாரும் உன்னை ஏமாற்றவில்லை. அது மரியாதை. உன்னைக் கௌரவித்துத்தான் உள்ளே அனுப்பினார்கள்.

பிறகு திங்கட்கிழமை சாயங்காலங்களில் காய்ச்சல். கூடவே வறட்டு இருமல். ஞாயிற்றுக்கிழமை வந்தால் நன்றாகிவிடுவாய். "வேலைக்குப் போவ உனுக்கு ஒடம்பு வணங்கல, அதான்டி இது" என்று அம்மா கேலி செய்வாள். நீயும் சிரிப்பாய். சிரிக்க மூச்சு இருந்தது அப்போது.

சளியை எடுத்து அனுப்பினார்கள். கிருமி எதுவும் வளரவில்லை என்று வந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று ஓர் ஆன்டிபயாட்டிக். பிறகு இன்னொன்று. கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தபோது நுரையீரல் தழும்பேறிக் கெட்டியாகியிருந்தது. "வீட்டுல புறா வளக்கறீங்களா?" என்று அந்த டாக்டர் கேட்டார். நமக்கு ஒன்றும் புரியவில்லை. இல்லை என்றோம். புறா எச்சத்தின் தூசியும் நுரையீரலை இப்படிக் கெடுக்கும் என்று நான் பிறகுதான் படித்தேன். வேறென்ன கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. எதைச் சொல்ல வேண்டும் என்று நமக்கும் தெரியவில்லை. கூலன்ட் என்ற சொல் அந்த அறையில் உச்சரிக்கப்படவே இல்லை.

குமிழிதான் உன்னைக் கொன்றது என்று என்னால் நிரூபிக்க முடியாது. அந்தப் புகையில் பாக்டீரியாவின் வேறு உடைசல்களும் இருந்திருக்கும். எண்ணெய்த் துளி இருந்திருக்கும். ஊற்றிய மருந்தும் இருந்திருக்கும். எது எவ்வளவு என்று இனி பிரிக்க வழியில்லை. ஒரே கிழமையில் தொட்டி நாறியது, உனக்குக் காய்ச்சல் வந்தது. என்னிடம் இருப்பது அவ்வளவுதான்.

அதை வைத்துக்கொண்டு நான் சும்மா இருந்திருப்பேன், அக்கா. நீ போன பிறகு யாரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? ஆனால் உன் மெஷினை மாமாவிடம் கொடுத்தார்கள்.

ஓனர் நல்ல மனதோடுதான் கொடுத்தார். டிஸ்பாட்ச்சில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தவரை ஆபரேட்டராக்கினார். மெஷினின் கண்ணாடிக் கதவு ஓரத்தில் நீ ஒட்டிவைத்த ஸ்டிக்கர் பொட்டுகள் இன்னும் இருந்தன. துடைக்கும்போது மாமா அந்த இடத்தைச் சுற்றித் துடைப்பாராம். சில மாதங்களில் அவருக்கும் திங்கட்கிழமை இருமல் வந்தது. நான் சமையலறையில் நின்று அந்த இருமலைக் கேட்டேன். உன்னுடையதைப் போலவே சிறியது, வறண்டது, மன்னிப்புக் கேட்பது போன்றது.

சானமாவுக் காட்டில் யானைக்கூட்டம் இறங்கினால் நம் எல்லோர் போனுக்கும் செய்தி வந்துவிடுகிறது. அந்த வழியாக வண்டியில் போகாதே என்று அம்மாகூட மாமாவை எச்சரிப்பாள். இதற்கு எந்த வழியில் போகாதே என்று சொல்வது?

ஆயுத பூஜை வந்தது. எப்போதும்போல் எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். தர்ஷினிக்குப் பட்டுப்பாவாடை கட்டி அழைத்துப் போனேன். தரையெல்லாம் கழுவியிருந்தார்கள். மெஷினுக்கு மெஷின் வாழைக்கன்று, மாவிலை, சந்தனம், குங்குமம். பச்சைப் பெயின்ட் பளபளத்தது. நான் பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்தேன். தொட்டியின் மூடிமேல் பழைய தூசி அப்படியே இருந்தது. வெளியே இவ்வளவு துடைத்தவர்கள் அதை மட்டும் திறக்கவில்லை.

பூஜை முடிந்து பூசணிக்காய் உடைத்தார்கள். பொரி கொடுத்தார்கள். ஓனர் மாமாவின் தோளில் கை போட்டார்.

"சீனு, மஞ்சுளா இல்லன்னா என்னா? அவ வூட்டுக் கைதான. லீவு முடிஞ்சு மொத ஸ்விட்ச் நீ போடு."

மாமாவின் முகம் மலர்ந்தது. நீ போனதற்குப் பிறகு அதை நான் பார்த்ததில்லை.

"சார்," என்றேன், "அதுக்கு முன்னாடி தொட்டிய ஒருக்கா காலி பண்ணிடலாமே."

"எதுக்கும்மா? லேப்ல குடுத்துப் பாத்தாச்சு. ஒன்னும் வளரலன்னு வந்துட்டுது. மருந்து ஊத்தித்தான ஓட்டறோம்."

"மருந்து கொல்லுது சார். செத்ததுல இருந்து வர்றது தண்ணியிலயே கெடக்குது. அது வளராது. ஆனா மூச்சுல போனா வேல செய்யும்."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஓனரும் சிரித்தார். "ஏம்மா, அரிசில புழு செத்துக் கெடந்தா அலசிட்டுச் சமைக்கறதில்லையா?"

"நீங்க அலசறதே இல்லையே சார்."

சிரிப்பு நின்றது. மாமா தர்ஷினியின் கையிலிருந்த பொரிப் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓனர் கோபப்படவில்லை. "இப்ப தொட்டிய எறக்கினா ஆர்டர் நிக்கும். தீபாவளி முடியட்டும்மா, பாக்கலாம்" என்றார்.

தீபாவளிக்கு முன்னால் எத்தனை திங்கட்கிழமைகள்.

வெளியே வந்ததும், தொழிற்பேட்டை கேட்டுக்கு எதிரில் இருக்கிற டீக்கடையில் மாமா வண்டியை நிறுத்தினார். தர்ஷினி கடைக்காரரின் பூனையோடு விளையாடப் போனாள்.

"என்னா பவி, ஓனர்கிட்ட மல்லுக்கு நிக்கற? நாளைக்கு அங்க நான் மூஞ்சி காட்ட வேணாமா?"

"அந்த மெஷின விட்டுடுங்க மாமா."

"விட்டுட்டு? உங்கப்பா தோப்புல மாங்கா பொறுக்கவா?"

"எதுவா இருந்தாலும் பரவால்ல. பேக்கிங் வேலைக்காச்சும் போங்க. அந்தப் பொகையில நிக்காதீங்க."

"உனுக்கு எங்க பாத்தாலும் கிருமிதான். இந்த டீ கிளாஸ்ல இல்லையா?"

"இருக்கும். இதுல நீங்க நாள் முழுக்க மூஞ்சிய வெச்சிக்கிட்டு நிக்கறதில்லையே."

சிரித்தார். அந்தச் சிரிப்பு இருமலாக மாற, கிளாஸை பெஞ்சில் வைத்துவிட்டுக் குனிந்துகொண்டார். நிமிர்ந்தபோது குரல் வேறாக இருந்தது.

"அங்க நின்னா அவ பக்கத்துல நிக்கற மாதிரி இருக்குது பவி. வூட்டுல அப்டி இல்ல. வூட்டுல அவ படுத்துக் கெடந்ததுதான் கண்ணுல நிக்குது. அங்கதான் அவ நல்லா இருந்தா."

அப்போதுதான் மனதுக்குள் உன்னைக் கேட்டேன். சொல்லட்டுமா?

சொல்லாவிட்டால் லீவு முடிந்து அவர் போய் அந்த ஸ்விட்சைப் போடுவார். சந்தோஷமாகப் போடுவார். சொன்னால், உன்னிடமிருந்து அவருக்கு மிச்சமிருந்த ஒரே நல்ல ஞாபகத்தை நான் எடுத்துவிடுவேன். அவருடைய மூச்சா, அவருக்குள் நீ நிற்கிற அந்த இடமா? நீ என்றால் எதை விட்டிருப்பாய்?

பூனை பெஞ்சுக்கடியில் ஓடியது.

"மாமா, அந்தப் பொகை அக்காமேலதான் மொதல்ல அடிச்சுது. எல்லாரும் வெளிய டீ குடிக்கறப்ப அவதான் உள்ள இருந்தா. லீவு முடிஞ்ச ஒவ்வொரு தடவையும்."

அவருக்குப் புரிய நேரமாகவில்லை. கிளாஸைத் திருப்பித் திருப்பி வைத்தார்.

"கைராசின்னு அனுப்பினோம்."

"யாருக்கும் தெரியாது மாமா."

"நான்தான் சொன்னேன், ஓனர்கிட்ட. எம் பொண்டாட்டி கை வெச்சா ஓடும்னு. நான்தான்."

"நீங்க இல்ல மாமா. அந்தத் தொட்டி."

"நீ சும்மா இரு."

அதன்பிறகு அவர் என்னிடம் பேசவில்லை. தர்ஷினியைத் தூக்கி வண்டியின் முன்னால் உட்காரவைத்தார். நான் ஏறும்வரை காத்திருந்தார். வீடுவரை அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

லீவு முடிந்த காலையில் அவர் வேலைக்குப் போகவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து தர்ஷினியின் பென்சில்களை ஒவ்வொன்றாகச் சீவிக்கொண்டிருந்தார். போன் அடித்து அடித்து நின்றது. ஷட்டர்களையெல்லாம் தூக்கிவிட்டு, மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு, ஓனரே போய் ஸ்விட்ச் போட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். சொன்ன பெண் அதைச் சிரிப்பாகச் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏதோ ஓர் ஓரத்தில் நான் சொன்னது ஓனர் காதில் விழுந்திருக்கிறது.

தீபாவளி சரக்கு போன பிறகு ஓனர் எனக்குப் போன் செய்தார். "அலசறோம்மா. வந்து பாக்கறதுன்னா பாரு." போனேன். மாமாவும் வந்திருந்தார். யார் சொல்லி வந்தார் என்று தெரியவில்லை. கேட்டுக்குப் பக்கத்திலேயே நின்றார்.

முதலில் பால் வந்தது. பிறகு சாம்பல் நிறத் தண்ணீர். அடியில் கறுப்பு. இரும்புத்தூளும் எண்ணெயும் பிசைந்த வழவழப்பான சேறு, தொட்டியின் சுவரெல்லாம் தோல்போல ஒட்டியிருந்தது. மண்வெட்டியால் வழித்து வழித்துப் பீப்பாயில் போட்டார்கள். ஓனர் முகமூடியை இழுத்துப் பிடித்துக்கொண்டு "தேவுடா" என்றார், மெதுவாக.

நான் ஆய்வகத்தில் பார்க்கிற குமிழிகள் சுத்தமானவை, அக்கா. கறுப்பு வெள்ளைப் படத்தில் மழைத்துளி மாதிரி வரிசையாக இருக்கும். அழகு என்றுகூடச் சொல்லலாம். அவை எங்கிருந்து புறப்படுகின்றன என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மாமா கேட்டிலிருந்து நடந்து வந்து அந்தப் பீப்பாய்க்குள் எட்டிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு மெஷின் பக்கம் திரும்பாமலே போய்விட்டார்.

இப்போது அவர் ஒரு பேக்கிங் கூடத்தில் அட்டைப்பெட்டி மடிக்கிறார். சம்பளம் குறைவு. இருமல் குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. டாக்டரிடம் நான் கூடவே போகிறேன். இந்தமுறை புறாவைப் பற்றிக் கேட்கும் முன்பே கூலன்ட் என்று சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். ஒரு குழாயை மாமாவின் வாயில் வைத்து, ஊதுங்க, ஊதுங்க, இன்னும் ஊதுங்க என்றாள் நர்ஸ். மாமா கண்ணை மூடிக்கொண்டு ஊதினார். விலகி இருந்தால் ஆறுவதற்கு வாய்ப்பு இருக்கிறது என்றார் டாக்டர். வாய்ப்பு என்றுதான் சொன்னார்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் வரும்போதும் பஸ்ஸில் மாமா பின்னால் உட்காருவார், நான் முன்னால். அம்மாவுக்குக் காரணம் தெரியாது. "மாமனும் மச்சினியும் எத்தினி நாளைக்கு இப்டி மூஞ்சியத் திருப்பிக்குவீங்க?" என்கிறாள். ஒருவர் உயிரோடு இருந்து பேசாமல் இருப்பதை என்னால் தாங்கிக்கொள்ள முடிகிறது. அதற்கு மேல் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

போன வாரம் மூக்கண்டப்பள்ளி ஸ்டாப்பில் இறங்கினோம். நான் முன்னால் நடந்தேன். பின்னாலிருந்து அவர் குரல் வந்தது.

"கடசி கடசியா, தொப்பட்டாவ நனச்சு மூக்குல கட்டிக்கினு போனா. எதுக்குன்னு கேட்டேன். தூசின்னா."

நான் நின்றேன்.

"அவளுக்குத் தெரிஞ்சிருக்குமா பவி? தெரிஞ்சேதான் போனாளா?"

ஷிஃப்ட் முடிந்த ஆட்கள் எங்களை இடித்துக்கொண்டு போனார்கள். பொய் சொல்லியிருக்கலாம். தெரியாது, அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று. அவர் முகத்தைப் பார்த்தபோது அந்தப் பொய்யை வாங்கிக்கொள்ள அவர் தயாராக இருந்ததுபோலத்தான் பட்டது.

"தெரியல மாமா," என்றேன்.

தலையை ஆட்டினார். பிறகு, இத்தனை நாளில் முதல்முறையாக, என் கூடவே வீடுவரை நடந்தார்.

அக்கா, உனக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்தும், அவர் அவ்வளவு பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறாரே என்றா வேண்டாம் என்று சொல்லாமல் இருந்தாய்? அல்லது அந்தப் பெருமை உனக்கும் வேண்டியிருந்ததா? அது வெறும் தூசி என்றுதான் நினைத்தாயா?

அவர் மறுபடி கேட்பார். ஒவ்வொரு முறை ஊதிவிட்டு வெளியே வரும்போதும் கேட்பார் என்று நினைக்கிறேன். எத்தனை முறை கேட்டாலும், தெரியல மாமா என்றுதான் சொல்வேன். அதைச் சொல்லிவிட்டு முன்னால் நடந்து போய்விட மாட்டேன். அவருக்கு மூச்சு சீராகும்வரை பக்கத்திலேயே நிற்பேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உன் கூடப்பிறந்தவள்,
பவி